த்ராட்டில் சென்சாரை மாற்றுவதற்கு முன்னால் மீட்டரை எடுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது வண்டி திணறுகிறது, பிக்கப் விட்டு விட்டு வருகிறது, ஸ்கேனரைப் போட்டால் பி0122 என்று பழுதுக் குறியீடு, அதாவது கோடு, காட்டுகிறது. உடனே பலர் புது சென்சார் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கோடு, சென்சாரிலிருந்து வரும் சிக்னல் வோல்ட் குறைவு என்று மட்டும்தான் சொல்கிறது. ஒயர் அறுந்திருந்தாலும் அதே கோடு வரும்.

இதோ, எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் திறந்து மூடும் த்ராட்டில் பாடி. அதன் பக்கவாட்டில் இருக்கிறதே, இதுதான் டிபிஎஸ், த்ராட்டில் பொசிஷன் சென்சார். தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது இதுதான். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் திருகு மாதிரிதான் உள்ளே வேலை நடக்கிறது. ஒரு கார்பன் தடம், அதன்மேல் உரசி நகரும் ஒரு முள். ஒயர் மூன்று.

இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு அளக்கிறேன். ஒரு ஒயரில் 5 வோல்ட் வந்தாக வேண்டும். இன்னொன்று கிரவுண்ட் ஒயர், அதற்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியில்லை என்றால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள், ஒயரிங்கைப் பாருங்கள்.

அடுத்து மூன்றாவது, சிக்னல் ஒயர். த்ராட்டில் மூடியிருக்கும்போது பல வண்டிகளில் 0.5 வோல்ட் பக்கம் வரும், முழுவதும் திறந்தால் 4.5 பக்கம். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆனால் இந்த இரண்டு முனையையும் பார்த்துவிட்டு நல்ல சென்சார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழுது பெரும்பாலும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். நாம் ஓட்டுவதில் அதிக நேரம் த்ராட்டில் கொஞ்சம்தான் திறந்திருக்கும் என்பதால், தடத்தில் அந்த ஆரம்பப் பகுதிதான் முதலில் தேயும். அதனால் மெல்ல, ரொம்ப மெல்ல திறக்கிறேன். வோல்ட் சீராக ஏற வேண்டும், எங்கேயும் விழக்கூடாது. கண் இமைக்கும் நேரத்துக்குள் விழுந்து எழுவதை டிஜிட்டல் மீட்டர் தவறவிடலாம். முள் மீட்டரோ, வோல்ட் மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்போ இருந்தால் அதையே எடுங்கள்.

நடுவில் விழுந்தால் சென்சார் தேய்ந்துவிட்டது, மாற்றுவதுதான் வழி. சீராக ஏறி, மூடிய அளவு மட்டும் தள்ளியிருந்தால் அட்ஜஸ்ட் செய்யலாம். முதலில் த்ராட்டில் பாடியில் படிந்த கார்பனைத் துடையுங்கள், தகடு முழுவதும் மூடட்டும். சென்சாரின் ஸ்க்ரூ ஓட்டைகள் நீளவாக்கில் இருந்தால் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். இறுக்கும்போது அளவு நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். ஓட்டை வட்டமாக இருந்தால் அதற்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. தகடு முட்டி நிற்கும் அந்த ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டி என்றால் இதில் எதையும் செய்யாதீர்கள். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது மோட்டார் தகட்டை நகர்த்தினால் விரல் நசுங்கும். அதை ஸ்கேனரில் அந்தந்த நொடி வரும் அளவுகளை, அதாவது லைவ் டேட்டாவை, வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேபிள் வண்டி என்றால், கடைசியாக உள்ளே உட்கார்ந்து பெடலை முழுவதும் மிதித்துப் பாருங்கள். கையால் திறந்தபோது வந்த வோல்ட் காலால் மிதிக்கும்போது வரவில்லை என்றால், கேபிள் தொய்ந்திருக்கிறதா, பெடலுக்கு அடியில் மேட் தடுக்கிறதா என்று பாருங்கள்.