முதுகில் விரியும் சிறகு

அவையோருக்கு வணக்கம். பெங்களூருவின் இந்த அல்சூரில் கூடியிருக்கும் மூத்தவர்கள் சிலரின் முன்கையில் கோலமோ தேளோ பச்சை குத்தியிருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் தோளிலோ இன்று சிறகு ஏறியிருக்கிறது. ஏன் சிறகு என்று கேட்டால் பெரும்பாலும் ‘விடுதலை’ என்று ஒரே சொல்லில் விடை வருகிறது. அது தவறான விடையன்று. ஆனால் சிறகைப் பற்றி நம் மொழி அறிந்துவைத்திருப்பதில் அது கால்பங்குகூட இல்லை என்பதே நான் சொல்ல வந்தது.

பழந்தமிழில் சிறகுக்குச் ‘சிறை’ என்றும் பெயர். குறுந்தொகையின் 2ஆம் பாட்டில் வரும் ‘அஞ்சிறைத் தும்பி’ உள்ளே சிறகுடைய வண்டு. அதே ஒலி வள்ளுவரிடம் ‘சிறைகாக்கும் காப்பு’ என்று காவலாகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றா வேறா என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பருந்தின் நிழல் தரையில் விழுந்ததும் கோழி தன் குஞ்சுகளை எதற்குள் அடைக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த ஒற்றுமை வியப்பாக இராது.

கம்பராமாயணத்துச் சம்பாதியை நினைத்துப் பாருங்கள். அண்ணனும் தம்பியுமாக வானத்தின் உச்சியைக் காணப் பறக்கிறார்கள். கதிரவனின் வெம்மை தம்பி சடாயுவைச் சுட்டபோது, சம்பாதி தன் சிறகை விரித்து அவன்மேல் கவிக்கிறான். தம்பி பிழைக்கிறான், அண்ணன் சிறகு தீய்ந்து மலையில் விழுகிறான். கிரேக்கக் கதையின் இகாரசும் சூரியனை நெருங்கிச் சிறகிழந்தவன்தான். ஆனால் அவன் தந்தையின் எச்சரிக்கையை மறந்து தன் களிப்புக்காக உயர்ந்தவன். சம்பாதி இழந்தது இன்னொருவனுக்காக. அப்படிக் காப்பாற்றப்பட்ட அந்தத் தம்பியே பின்னாளில் சீதைக்காக இராவணனை எதிர்த்து, அவன் வாளுக்குத் தன் சிறகைக் கொடுத்தான். சம்பாதிக்கு, வானரர்கள் இராமன் பெயரைச் சொல்லச் சிறகு மீண்டும் முளைத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே உள்ள கிறித்தவ நண்பர்கள் 91ஆம் சங்கீதத்தின் ‘அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார்’ என்ற வரியை அறிவார்கள். ஏசாயாவின் 6ஆம் அதிகாரத்தில் சேராபீன்கள் என்னும் வானதூதர்களுக்கு ஆறாறு சிறகுகள். இரண்டால் முகத்தையும் இரண்டால் கால்களையும் மூடி, எஞ்சிய இரண்டால் மட்டுமே பறக்கிறார்கள். வைணவர்கள் பெரிய திருவடி என்று போற்றும் கருடனும் தனக்காகவா பறக்கிறான்? மேலைநாட்டுக் கடலோடிகள் 5,000 கடல்மைல் கடந்ததற்கு அடையாளமாகத் தகைவிலான் குருவியைக் குத்திக்கொண்டார்கள். பருவந்தோறும் கூடு திரும்பும் பறவை என்பதால், உயிரோடு வீடு சேர வேண்டும் என்ற வேண்டுதலும் அதில் இருந்தது. ஊரைவிட்டு வந்து இங்கே குடியேறிய நமக்கு அந்தக் குருவியை விளக்க வேண்டியதில்லை.

சென்ற மாதம் என் அக்காள் மகள் சிறகு குத்திக்கொள்ளப் போனபோது துணைக்குப் போயிருந்தேன். மாதிரியைத் தோளில் பதிக்கும் முன், கைகளைத் தளர விட்டு நேராக நிற்கச் சொன்னார்கள். குனிந்தபடி பதித்தால், நிமிரும்போது சிறகு கோணிவிடுமாம். பிறகு ஊசி இரையத் தொடங்கியது. மை மேல்தோலைத் தாண்டி அடுத்த அடுக்கில் தங்க வேண்டும். மேலேயே நின்றால் உதிர்ந்துவிடும், ஆழமாகப் போனால் கசிந்து கோடு கலங்கும். எலும்பின்மேல் ஊசி ஓடும்போதெல்லாம் அவள் என் விரலை நெரித்தாள்.

முடிந்ததும் பார்த்தேன். விரிந்த சிறகு அன்று, மடங்கிய சிறகு; அதன் அடியில் மிளகளவு ஒரு புள்ளி. மை சிந்திவிட்டதோ என்று கேட்டேன்.

“அது தம்பி, மாமா” என்றாள்.