சார்ஜரில் எழுதியிருக்கும் எண் உங்கள் காருக்குக் கிடைக்குமா?

[திரையில்: சார்ஜிங் நிலையப் பலகையில் "150 கிலோவாட்". அருகே காரின் டிஸ்பிளேயில் "46 கிலோவாட்".]

வணக்கம். புதிதாக எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்கள், வெளியே முதல்முறை சார்ஜ் போடும்போது பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். பலகையில் 150 என்று போட்டிருக்கிறது, காரோ 46 காட்டுகிறது. சார்ஜர் பழுது என்று நினைத்து அடுத்த நிலையத்தைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். அநேகமாகச் சார்ஜர் நன்றாகத்தான் இருக்கும். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்பது கார். தன்னால் முடிந்த அளவுக்குள் சார்ஜர் அதைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் நிலையங்களைத் தேடும் முன், உங்கள் காரின் கையேட்டில் இரண்டு எண்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: ஏசியில் (மாறுதிசை மின்சாரம்) அதிகபட்சம் எவ்வளவு, டிசியில் (நேர்திசை மின்சாரம்) அதிகபட்சம் எவ்வளவு.

[திரையில்: மின்கம்பி, ஏசி பாயிண்ட், கார், பேட்டரி. அம்புக்குறி நகர்கிறது.]

பேட்டரிக்குள் போவது டிசி மின்சாரம். கம்பியில் வருவது ஏசி. இடையில் எங்காவது அதை மாற்றியாக வேண்டும். ஏசி பாயிண்டில் செருகினால், மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் செய்கிறது. அது 7.4 கிலோவாட் திறன் உள்ளது என்றால், 22 கிலோவாட் பாயிண்டில் போட்டாலும் 7.4-க்கு மேல் ஏறாது. டிசி நிலையத்தில் அந்த மாற்றம் வெளியே இருக்கும் பெரிய பெட்டிக்குள்ளேயே முடிந்து, மின்சாரம் நேராகப் பேட்டரிக்குப் போகிறது. டிசியில் வேகமாக ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கணக்குப் போடலாம். 40 யூனிட் பேட்டரி, 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற வேண்டும். அதாவது 28 யூனிட். 7.4 கிலோவாட் ஏசியில் 4 மணி நேரம் ஆகும். 50 கிலோவாட் டிசியில் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கார் எப்படியும் சும்மா நிற்கப்போகும் இடத்தில், அலுவலகத்திலோ தங்கும் விடுதியிலோ, ஏசியே தாராளம். வழியில் நிறுத்தி உடனே கிளம்ப வேண்டும் என்றால் டிசி. எப்போதும் டிசிதான் வேண்டும் என்று அலைவது வீண் அலைச்சல், பெரும்பாலும் செலவும் கூடுதல்.

சரி, காரின் உச்ச அளவும் அதிகம், சார்ஜரும் பெரியது. அப்போதும் ஏன் குறைகிறது?

[திரையில்: சார்ஜிங் வேகத்தைக் காட்டும் வளைகோடு. 80-க்குப் பிறகு சரிகிறது.]

பேட்டரி நிரம்ப நிரம்ப, லித்தியம் அயனிகளுக்கு உள்ளே இடம் கிடைப்பது கடினமாகிறது. அந்த நிலையிலும் வேகமாகத் திணித்தால், லித்தியம் உள்ளே புகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது பேட்டரியின் ஆயுளைத் தின்னும். அதனால் கார் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. கடைசி 20 சதவீதத்துக்கு, அதற்கு முந்தைய 50 சதவீதத்துக்கு ஆன நேரமே ஆகலாம். நீண்ட பயணத்தில் 80-ல் கழற்றிவிட்டு ஓட்டி, அடுத்த நிலையத்தில் மறுபடி போடுவதுதான் புத்திசாலித்தனம். பேட்டரி குளிர்ந்திருந்தாலும் வேகம் குறையும். காரின் நேவிகேஷனில் சார்ஜிங் நிலையத்தைக் குறித்துவிட்டு ஓட்டினால், பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கித் தயார் செய்துகொள்ளும். அப்புறம், சில நிலையங்களில் ஒரே பெட்டியில் இரண்டு கன், அதாவது காரில் செருகும் கைப்பிடி, இருக்கும். பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றால் மின்சாரம் பங்கு பிரியும். காலியாக நிற்கும் பெட்டி இருந்தால் அதையே எடுங்கள்.

[திரையில்: காரின் சார்ஜிங் போர்ட், மிக அருகில்.]

இப்போது பிளக். மேலே வட்டமாக ஏழு துளைகள் இருந்தால் அது டைப் 2, ஏசிக்கு உரியது. அதன் கீழே, சின்ன மூடியைத் திறந்தால் தடிமனான இரண்டு துளைகள் தெரிகின்றனவா? அதையும் சேர்த்தால் சிசிஎஸ் 2, டிசிக்கு உரியது. வட அமெரிக்காவில் டெஸ்லா கொண்டுவந்த என்ஏசிஎஸ், சீனாவில் ஜிபி/டி, ஜப்பானில் சாடெமோ என்று இது மாறும். ஆப்பில் நிலையம் தேடும்போது உங்கள் பிளக்கை மட்டும் தேர்ந்தெடுத்து வடிகட்டுங்கள். இன்னொன்று: சில ஏசி பாயிண்டுகளில் வெறும் சாக்கெட்தான் இருக்கும், கேபிள் நாம்தான் கொண்டுபோக வேண்டும். டிக்கியில் ஒன்று எப்போதும் கிடக்கட்டும்.

பணம் கட்டுவதற்கான ஆப்பை வீட்டிலேயே இறக்கி, கணக்குத் தொடங்கி வையுங்கள். அடித்தள பார்க்கிங்கில் சிக்னல் கிடைக்காமல் நிற்பது பெரிய தொல்லை. கன்னைச் செருகியதும் காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளச் சில நொடிகள் ஆகும், பொறுங்கள். பிழை காட்டினால் கழற்றி, நன்றாக அழுத்திச் செருகுங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் வேறு கன்னுக்கு மாறிவிடுங்கள்.

[திரையில்: ஆப்பில் "நிறுத்து" பொத்தான், பிறகு காரின் சாவி.]

கழற்றும்போது பலர் இழுத்துப் போராடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது கார் கன்னைப் பூட்டி வைத்திருக்கும். முதலில் ஆப்பில் நிறுத்துங்கள், பிறகு காரை அன்லாக் செய்யுங்கள், அப்புறம் இழுத்தால் சுலபமாக வரும். முடிந்ததும் காரை நகர்த்திவிடுங்கள். சார்ஜ் முடிந்தும் இடத்தை அடைத்து நின்றால் பல நிலையங்களில் நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறும். உங்களுக்குப் பின்னால் 5 சதவீதத்தோடு ஒருவர் காத்திருக்கவும் கூடும்.