நாங்க, நாம: லைப்சிக் 1989 போட்டோக்கள்

[திரையில்: கறுப்பு வெள்ளை போட்டோ. இருட்டு ரோடு, தெரு விளக்கு, அதுக்கு கீழ தலை தலையா கூட்டம்]

வணக்கம் மக்களே. இந்த போட்டோ ஷேக் ஆகியிருக்கு, ஒரு முகம்கூட சரியா தெரியல. உடனே எடுத்தவருக்கு கேமரா பிடிக்க தெரியலன்னு நினைச்சிடாதீங்க. இடம் கிழக்கு ஜெர்மனியில லைப்சிக், வருஷம் 1989. திங்கக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு நிக்கோலாய் சர்ச்ல அமைதிக்கான பிரேயர், அது முடிஞ்சு ஜனங்க வெளிய வந்து கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்கு எதிரா ஊர்வலம் கிளம்புறதுக்குள்ள அக்டோபர் மாசம் நல்லா இருட்டிடும். ஃப்ளாஷ் அடிச்சா ஸ்டாசிங்கிற உளவு போலீஸ் கண்ணுல மாட்டணும், அடிக்காம எடுத்தா இப்படித்தான் வரும். ஃபிலிம் வேற அவங்க ஊர் ஆர்வோ, ஆமா நம்ம பழைய படங்களோட டைட்டில்ல ‘ஆர்வோ கலர்’னு போடுவாங்களே அதே கம்பெனிதான், கிழக்கு ஜெர்மனி வோல்ஃபன் ஊர்ல இருந்து வந்தது. நைட் மோட் எல்லாம் கிடையாது.

கதைய சுருக்கமா சொல்லிடுறேன். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு 1949ல ஜெர்மனி ரெண்டு நாடாச்சு, 1961ல பெர்லின்ல சுவர் வந்துச்சு. மறுபடி ஒண்ணு சேர்ந்தது 1990 அக்டோபர் 3. சுவர் இடிஞ்ச போட்டோவ எல்லாரும் பார்த்திருப்போம், ஆனா அதுக்கு முன்னாடி வாராவாரம் நடந்த இந்த ஊர்வல போட்டோக்களத்தான் நான் வரிசையா வெச்சு பார்க்க சொல்லுவேன், அதுவும் முகத்த விட்டுட்டு பேனர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

[திரையில்: பகல் வெளிச்சம், ரெண்டு இளம்பெண்கள் கையில துணி பேனர்]

1989 செப்டம்பர் 4. லைப்சிக்ல வணிகக் கண்காட்சி நடக்குது, அதுக்காக மேற்கு நாட்டு டிவிக்காரங்க ஊருக்குள்ள இருக்காங்க. பேனர்ல ‘சுதந்திரமான மனிதர்களோட திறந்த நாடு வேணும்’னு இருக்கு. சில நொடிதான், மஃப்டியில இருந்த ஸ்டாசி ஆளுங்க பிடிச்சு இழுத்து கிழிச்சிட்டாங்க, ஆனா கேமரா ஓடிட்டு இருந்துச்சே. கிழக்குல முக்கால்வாசி வீட்ல ஆன்டெனாவ திருப்பி மேற்கு டிவிதான் பார்ப்பாங்க, அதனால சொந்த ஊர் நியூஸே பக்கத்து நாட்டு டிவி வழியா சுத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துச்சு.

அடுத்து அக்டோபர் 9. அன்னைக்கு மேற்கு ரிப்போர்ட்டர் யாருக்கும் லைப்சிக்ல அனுமதி இல்ல. போலீஸ், ராணுவம்னு பல ஆயிரம் பேர் குவிஞ்சிருக்காங்க, ஆஸ்பத்திரியில ரத்தம் சேர்த்து வெச்சிருக்காங்கன்னு ஊர் முழுக்க பேச்சு, ஜூன்ல பீஜிங்ல போராடினவங்கள ராணுவம் சுட்டது எல்லார் மனசுலயும் இருக்கு. அப்படியும் 70,000 பேர் வந்தாங்கங்கிறதுதான் பொதுவா சொல்ற கணக்கு. அராம் ராடோம்ஸ்கி, ஸீக்பெர்ட் ஷெஃப்கேன்னு ரெண்டு பேர், ஒருத்தர் போட்டோகிராஃபர், பெர்லின்ல இருந்து கிளம்பி வந்து, சீர்திருத்த சர்ச்சோட பாதிரியார்கிட்ட கேட்டு கோபுரத்து மேல ஏறி அங்க படுத்துக்கிட்டே வீடியோ எடுத்தாங்க. அந்த டேப்ப ஒரு மேற்கு ஜெர்மன் பத்திரிகையாளர் ஒளிச்சு மேற்கு பெர்லினுக்கு கொண்டு போனார், மறுநாள் ராத்திரி டிவியில வந்துருச்சு. எடுத்தது யாருன்னு தெரியக்கூடாதுன்னு நியூஸ் வாசிச்சவர் ‘இத்தாலி கேமரா குழு’ன்னு ஒரு பொய்ய சொல்லி வெச்சார். எனக்கு இந்த மொத்த கதையிலயும் ரொம்ப பிடிச்ச பொய் இதுதான்.

அன்னைக்கு ஒரு துப்பாக்கியும் வெடிக்கல. கையில மெழுகுவர்த்தி இருந்துச்சு, அது அணையாம இருக்க இன்னொரு கைய குறுக்க வெக்கணும், அப்புறம் கல்ல எந்த கையில எடுக்கிறது? நிக்கோலாய் சர்ச் பாதிரியார் கிறிஸ்டியன் ஃப்யூரர் பின்னாடி இப்படித்தான் விளக்குவார்.

சரி, இப்ப கோஷத்துக்கு வருவோம். அக்டோபர்ல கத்தினது ‘வீர் ஸிண்ட் டஸ் ஃபோல்க்’. நவம்பர் கடைசியில பேனர்ல இருக்கிறது ‘வீர் ஸிண்ட் ஐன் ஃபோல்க்’. ஒரே ஒரு குட்டி வார்த்தைதான் மாறியிருக்கு. ஜெர்மன்ல நாங்க, நாம ரெண்டுக்கும் ‘வீர்’தான், ஆனா தமிழ்ல சொல்லும்போது நீங்க கண்டிப்பா ஒண்ண செலக்ட் பண்ணியே ஆகணும். முதல்ல வந்தது அரசாங்கத்த பார்த்து சொன்னது, ‘நாங்கதான்யா மக்கள், நீங்க இல்ல’. ரெண்டாவது மேற்கு ஜெர்மனிக்காரங்கள பார்த்து, ‘நாம எல்லாரும் ஒரே மக்கள்’. இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு, அக்டோபர் 9 அன்னைக்கே ஒரு துண்டு நோட்டீஸ்ல ‘ஒரே மக்கள்’னு இருக்கு, ஆனா அது போலீஸ்காரங்களுக்கு எழுதினது, நமக்குள்ள அடிதடி வேண்டாம், அந்த காயம் ஆறாதுங்கிற மாதிரி. அதே வரி, ஒரு மாசத்துல யார பார்த்து சொல்றாங்கங்கிறது மாறிப்போச்சு, நடுவுல நவம்பர் 9 சுவர் திறந்துருச்சுல்ல.

[திரையில்: கொடி க்ளோஸ்-அப்]

கொடியும் அப்படித்தான். கறுப்பு, சிவப்பு, தங்க நிறம் ரெண்டு நாட்டுக்கும் பொது, கிழக்கோடதுல மட்டும் நடுவுல சுத்தியலும் வட்டம் போடுற காம்பஸும் இருக்கும். அந்த சின்னத்த கத்தரியால வெட்டி எடுத்த கொடிய பல போட்டோல பார்க்கலாம், நடுவுல ஓட்டை, ஓட்டை வழியா பின்னாடி நிக்கிற ஆள் தெரியுறார்.

ஆனா ஆரம்பத்துல உயிர பணயம் வெச்சு நின்னவங்கள்ல நிறைய பேர் இணைப்பையே கேட்கல. அவங்களுக்கு வேண்டியது கிழக்கு ஜெர்மனி திருந்தணும்ங்கிறதுதான், நவம்பர் 26ல ‘நம்ம நாட்டுக்காக’ன்னு அதுக்கு தனியா ஒரு அறிக்கையே வந்துச்சு. கூட்டம் அவங்கள தாண்டி போயிடுச்சு. 1990 மார்ச் 18 தேர்தல்ல சீக்கிரம் இணையணும்னு சொன்ன கூட்டணிக்கு 48 சதவீதம் கிட்ட ஓட்டு, அந்த பழைய போராட்டக்காரங்க சேர்ந்து நின்ன ‘பூண்ட்னிஸ் 90’க்கு 2.9. முதல் போட்டோக்கள்ல முன்வரிசையில நிக்கிறது இவங்கதான், அத நினைச்சா கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

நீங்களே தேடிப் பார்க்கலாம். ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம் 2008ல ஆயிரக்கணக்கான போட்டோவ விக்கிமீடியாவுல போட்டுச்சு, அதுல கிழக்கு ஜெர்மனி அரசோட நியூஸ் ஏஜென்சி எடுத்ததும் இருக்கு. 183-1989-1023-022ன்னு அடிங்க. நம்பருக்குள்ளயே தேதி இருக்கு, 1989, 10ஆம் மாசம், 23. லைப்சிக் திங்கக்கிழமை கூட்டம்தான் அது. அப்புறம் 1989-11, 1989-12ன்னு நகர்ந்து போங்க, கொடியில ஓட்டை எந்த வாரத்துல இருந்து வருதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க.