விழாவில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு

அன்புக்குரிய பெற்றோர்களே, பெரியோர்களே,

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் வீடுகளில் நடக்கும் ஆயத்தங்கள் எல்லாம் பிள்ளைகளுக்காகவே நடக்கின்றன. ஆனால் பிள்ளைகள் செய்வதற்கென்று அவற்றில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. புத்தாடையும் பரிசும் அலங்காரமும் பெரியவர்களின் அலைச்சலில் வந்து சேர, பெற்றுக்கொள்வது மட்டுமே அவர்களுடைய பங்காகிவிடுகிறது. பரிசுகளைப் பிரித்து முடித்ததும் விழாவே முடிந்துவிட்டதாக அவர்கள் சோர்ந்துபோவதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

1839ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திவந்த யோகான் விச்செர்ன், ஒரு மரச் சக்கரத்தில் வாரநாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளையும் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவர்த்திகளையும் பொருத்தி, விழாநாள் வரை நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். இன்று, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுவர்த்திகளை ஏற்றும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். கேட்டது உடனே கிடைக்கும் இந்தக் காலத்தில், காத்திருக்கக் கற்பதே பிள்ளைகளுக்குப் பெரிய செல்வம். ஆகவே, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, அந்தந்த வாரத்தின் மெழுகுவர்த்தியைப் பிள்ளையே ஏற்றட்டும். அடுத்ததை முன்கூட்டியே ஏற்றிவிடாமல் காக்கும் பொறுப்பும் அவனுடையதாகவோ அவளுடையதாகவோ இருக்கட்டும்.

இயேசு பிறந்த காட்சியை உருவங்களால் காட்டும் குடிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி தீவனத்தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையுமாகப் பிறப்பின் காட்சியை அமைத்தபோது, அந்தக் குழந்தை எத்தகைய வறுமையில் கிடத்தப்பட்டது என்பதை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். நம் குடில்களில் விளக்குகள் பெருகப் பெருக, அந்த வறுமை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. பிள்ளைகளே வைக்கோல் பரப்பி, அட்டையை வெட்டி ஒட்டி அமைத்த குடில் கோணலாக இருந்தாலும் அதைத் திருத்தாதீர்கள். அவர்கள் வேலை செய்யும்போதே லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தையும் மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தையும் உரக்க வாசியுங்கள். தங்க இடமில்லாமற்போனதும், முதற்செய்தி இரவில் மந்தை காத்த இடையர்களுக்கு வந்ததும், ஏரோது அரசனுக்கு அஞ்சி அந்தக் குழந்தையின் குடும்பம் இரவோடிரவாக எகிப்துக்குத் தப்பியோடியதும் குழந்தைகளுக்குச் சொல்லத்தகாதவை என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. வீடிழந்து வருகிறவர்களை அவர்கள் பிற்காலத்தில் எப்படிப் பார்க்கப்போகிறார்கள் என்பதில் இந்தப் பகுதிக்குப் பங்குண்டு. குழந்தையை வணங்கக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மூவர் என்று மத்தேயு எங்கும் எண் சொல்லவில்லை என்பதைக் கவனமாகக் கேட்கும் பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள். அந்த மகிழ்ச்சியையும் அவர்களுக்கு விட்டுவைப்போம்.

பரிசுகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையும் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும், அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். உடைந்த பொம்மையைத் தள்ளிவிடுவது கொடையாகாது. முதியவர் ஒருவருடன் ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பது கொடை. அதைப் படமெடுத்து ஊருக்குக் காட்டவும் வேண்டாம்.

அந்தந்த ஆண்டில் ஒருவரை இழந்த வீடுகளும் உண்டு. அங்கே வலிந்து கலகலப்பை வரவழைக்க வேண்டியதில்லை. மறைந்தவரின் பெயரைக் குடும்ப மன்றாட்டில் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லட்டும். பெரியவர்கள் அழுதால் அதை மறைக்கவும் வேண்டாம்.

டிசம்பர் 25ஆம் நாளோடு எல்லாவற்றையும் கட்டிவைத்துவிடாதீர்கள். ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் ஜனவரி 6 வரை குடில் இருக்கட்டும். ஞானிகளின் உருவங்களை வீட்டின் மறுகோடியில் வைத்து, நாளுக்குச் சிறிது தூரம் நகர்த்திக் குடிலுக்குக் கொண்டுவரும் வேலையை வீட்டின் கடைக்குட்டிக்குக் கொடுங்கள்.