தண்ணி வந்தாச்சு, சாக்கடை எங்கே போகும்?

(திரையில்: குடம் நிரம்பும் தெருக்குழாய்)

வணக்கமுங்க. கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் பலரும் முதலில் கேட்பது, "சிறுவாணித் தண்ணியா, பில்லூர்த் தண்ணியா?" என்பதுதான். அந்த வீட்டுச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். நகரத் திட்டங்களிலும் ரொம்ப காலமாக இதே கதைதான், தண்ணீர் முதலில், சாக்கடை அப்புறம்.

சரி, கணக்கைப் பார்ப்போம். பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது மத்திய அரசின் கையேடு. அதில் ஏறத்தாழ 80 சதவீதம், அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். ஒரு லட்சம் பேருக்குத் தண்ணீர் கொண்டுவந்தால் தினமும் 1 கோடியே 8 லட்சம் லிட்டர் கழிவுநீரையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்குக் குழாய் இல்லையென்றால் பள்ளம், குளம், கடைசியில் நொய்யல் ஆறு. 2024-இல் பில்லூர் மூன்றாவது குடிநீர்த் திட்டமும் திறந்தாச்சு, நல்லது, ஆனால் வரவு கூடினால் போக்கும் கூடும்.

(திரையில்: தெருவின் குறுக்குவெட்டுப் படம்)

குடிநீரை மோட்டார் அழுத்தத்தில் மேட்டுக்கும் ஏற்றிவிடலாம். சாக்கடை அப்படியில்லை, சரிவு பார்த்துத்தான் ஓடும். அதனால் குழாய் போகப்போக ஆழமாகிக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் தோண்ட முடியாது, அங்கே ஒரு கிணறு வெட்டி, மோட்டார் வைத்து மேலே தூக்க வேண்டும். அதுதான் கழிவுநீர் உந்து நிலையம். அது தாழ்வான இடத்தில்தான் அமைய வேண்டும். அங்கே வீடுகள் வந்த பிறகு இடம் கேட்டால் யார் கொடுப்பார்கள், நாற்றம் வரும் என்று மறியல்தான் நடக்கும். மோட்டாரை 15 வருஷத்துக்கும் குழாயை 30 வருஷத்துக்கும் கணக்குப் போட்டு வடிவமைக்கிறார்கள், இடத்தை மட்டும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மொத்தத் திட்டமும் அங்கேயே நின்றுவிடும்.

திருப்பூர் இதற்குக் கொடுத்த விலை பெரியது. சாய ஆலைகளுக்குத் தண்ணீர் எப்படியோ வந்தது, சாயக்கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கீழே இருந்த வயலும் கிணறும் கெட்டன. 2011-இல் உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு உண்மையில் நடைமுறைக்கு வந்தது. அந்த விவசாயிகளின் மண்ணுக்கு அது தாமதம்.

உங்கள் தெருவில் புதுக் குடிநீர்க் குழாய் பதிக்கிறார்களா? கவுன்சிலரிடம் கேளுங்க: இந்தத் தண்ணீர் கழிவாகி எந்த உந்து நிலையத்துக்குப் போகும், அதற்கு இடம் வாங்கியாச்சா?