தொடை இடுக்கு பேசத் தெரியும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஸ்பானிஷில் ஒரே ஒரு சொல்லோடு உட்கார்ந்திருக்கிறேன்: 'இங்க்லேஸ்'. ஆங்கிலம் என்று பொருள்.

வகுப்பில் முதல் வாரம், "எனக்கு ஆங்கிலம் பேசத் தெரியும்" என்று சொல்லப் போய், நம் 'இங்கிலீஷ்' பழக்கத்தில் 'இங்' மேல் அழுத்தத்தைப் போட்டுவிட்டேன். ஆசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கே அழுத்தினால் அது வேறு சொல்லாம். தொடை இடுக்குகள்!

சரி, முதலில் அசை பிரிப்போம். மேசையைத் தட்டுகிறேன், கேளுங்கள். இங், க்லேஸ். இரண்டே தட்டு. 'இங்-கு-லேஸ்' என்று நடுவில் ஓர் உகரத்தை நம் நாக்கு நுழைக்கும், விடாதீர்கள். க்ல, ப்ர, த்ர மாதிரி ஜோடிகளை ஸ்பானிஷில் பிரிக்கவே மாட்டார்கள். புத்தகம் என்றால் 'லி-ப்ரோ'.

அப்புறம் கடைசியிலிருந்து எண்ண வேண்டும். சொல் உயிரெழுத்திலோ, என் (n), எஸ் (s) என்ற எழுத்துகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இதை மீறும் சொல்லுக்குத்தான் உயிரெழுத்தின் தலையில் அந்தச் சாய்ந்த கோடு, 'தில்தே'. நம் சொல் எஸ்ஸில் முடிகிறது. விட்டால் அழுத்தம் 'இங்'குக்கு ஓடிவிடும். அதனால் 'க்லேஸ்' மேல் கோடு போட்டுப் பிடித்து வைக்கிறார்கள்.

இப்போது பன்மையைப் பாருங்கள். ஆங்கிலேயர்கள்: இங்-க்லே-செஸ். கடைசிக்கு முந்தினது 'க்லே'. விதியே சரியான இடத்தைக் காட்டிவிடுகிறது, கோடு காணாமல் போகிறது! ஒரு மாதம் இதை அச்சுப்பிழை என்றே நினைத்திருந்தேன். 'ஹோவென்', அதாவது இளைஞர், இதற்கு நேர் எதிர். ஒருமையில் கோடு கிடையாது. பன்மையில் ஹோ-வெ-னெஸ் என்று ஓர் அசை கூடி, அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவதாகிவிடும். அங்கே கோடு கட்டாயம்.

தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. குறில் நெடில் மாறினால்தான் படம் பாடமாகும். அதனால் அழுத்தம் விழும் அசையைக் கொஞ்சம் நெடிலாக நீட்டிச் சொல்லிப் பழகினேன். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

கடைசியாக ஒரு புதிர். 'தேர்மினோ' என்றால் சொல் அல்லது கெடு. 'தெர்மீனோ' என்றால் நான் முடிக்கிறேன். 'தெர்மினோ' என்று கடைசியில் அழுத்தினால் அவர் முடித்தார். மூன்றுக்கும் எழுத்து ஒன்றேதான். இரண்டுக்கு மட்டும் கோடு வேண்டும். எந்த இரண்டு? தட்டிப் பாருங்கள்.