பனிக்காலத்தில் யாரை எழுப்புவது?

(தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில், திருவெம்பாவைப் பூசை முடிந்த பிறகு பேசியது.)

தலைவர் அவர்களே, ஈர வேட்டியோடேயே வந்து உட்கார்ந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, ஆலய பரிபாலன சபைப் பெரியவர்களே, இந்தக் குளிரில் டவுனிலிருந்து ஏறி வந்திருக்கும் அதிபர் அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, தோட்டத் தலைவர்மாரே, பெரிய கணக்கப்பிள்ளை ஐயா அவர்களே, ஒலிபெருக்கியை இலவசமாகத் தந்த முதலாளி அவர்களே (பேரைச் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லாவிட்டால் கோபிப்பார், அதனால் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்), அறநெறிப் பாடசாலை ஆசிரியைகளே, பிள்ளைகளே, உட்கார இடமில்லாமல் வாசலில் நிற்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். பனி, விரதம், பொறுமை. சரி, பனியிலிருந்து தொடங்குவோம்.

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று எங்கள் அப்பாயி சொல்லும். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மச்சு வீட்டுக்காரனுக்குச் சொன்னது இது. ஒரே கூரைக்குக் கீழே காம்பரா என்ற ஒற்றை அறைகளை வரிசையாக அடுக்கிய நம் லயத்துக்கு மச்சு ஏது? தகரம்தான். மாசி வரைக்கும் காத்திருக்காமல் மார்கழியிலேயே உள்ளே வந்துவிடும். ஒரு காம்பராவில் ஆறு பேர் படுத்தால் ஆறு பேர் விட்ட மூச்சும் தகரத்தில் வேர்த்து, விடியற்காலை மூன்று மணிக்குச் சொட்டுச் சொட்டாக முகத்திலேயே விழும். போர்வையை இழுத்தால் அடுத்தவன் விழித்துக்கொள்வான்.

நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் இதைவிட மோசம். மேகம் மூடிய இரவில் பூமியின் சூடு அவ்வளவாக வெளியே போகாது, வானம் பளிச்சென்று நட்சத்திரமாக இருந்தால்தான் பயம், அன்றைக்கு விடிந்ததும் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும், வெயில் ஏற ஏறக் கொழுந்து கருகிப்போகும். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டமாக நட்டார் என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். அன்றிலிருந்து இந்தப் பனியில் யாருடைய விரல் விறைத்தது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. பனி கொட்டிய செடிக்குள் இறங்கினால் இடுப்பில் கட்டிய படங்குத் துணி பத்தே நிமிடத்தில் நனைந்துவிடும். விரல் நுனியில் கொழுந்துக் கறை ஏறிய வெடிப்புகள் இருக்கும், அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று வாசலில் நிற்கிற அம்மாமார் சொல்வார்கள்.

அப்புறம் விரதம். மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் இருபது பாட்டு பாடியிருக்கிறார். பெண்கள் வீடு வீடாகப் போய்த் தூங்குகிறவளை எழுப்புகிறார்கள். ஒருத்தி, நாளைக்கு நானே வந்து உங்களை எழுப்புகிறேன் என்று முதல் நாள் வீராப்பாகச் சொல்லிவிட்டு, மறுநாள் கதவைத் திறக்காமல் தூங்குகிறாள். அவளை என்ன கேலி செய்கிறார்கள்! எனக்கு மிகப் பிடித்த இடம் அது. ஆனால் நம் தோட்டத்தில் ஒலிபெருக்கி போட்டு யாரை எழுப்புகிறோம்? (முதலாளி கோபிக்கக் கூடாது.) நாலு மணிக்கெல்லாம் பெண்கள் எழும்பியாயிற்று. அடுப்பு எரிந்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைக்குத் தலை வாரி, அப்புறம்தான் அவர்கள் மலைக்கு ஓடுகிறார்கள். போர்வைக்குள் இருப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சின்ன வயதில் இருந்த தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வருடம் தவறாமல் சிவனொளிபாதமலை ஏறுவார். மார்கழிப் பௌர்ணமிப் போயாவோடு சீசன் தொடங்கினால் முதல் கூட்டத்தில் அவர்தான். விரதமென்றால் அப்படியொரு விரதம், செருப்பில்லை, வெற்றிலை இல்லை, கோபம் மட்டும் கொஞ்சம் உண்டு. 7359 அடி, 7359 அடி என்று எல்லோரிடமும் சொல்லுவார், அவரே அளந்து பார்த்த மாதிரி. ஒரு வருடம் நல்லதண்ணிப் பக்கமாக ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்த்து, இறங்கி, பஸ் பிடித்து, இருட்டின பிறகு லயத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு காலும் வீங்கிப் போயிருக்கிறது. “சுடுதண்ணி வை” என்று வாசலிலிருந்தே சத்தம். உள்ளே அந்த அம்மா காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறார், பதில் இல்லை. சரி, நாமே வைப்போம் என்று மனுசன் அடுப்படிக்குப் போனார். முதலில் நெருப்புப் பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அதைத் தேடி எடுத்தால் குச்சி நமத்துப்போயிருக்கிறது. பிறகு அடுப்பு நிறைய மிலாற்றை, அதுதான் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளையை, திணித்து, மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினாரே பார்க்கலாம்! தீ வரவில்லை, புகைதான் வந்தது. புகை இந்தக் காம்பராவிலிருந்து அந்தக் காம்பராவுக்குப் போய், லயம் முழுக்க இருமிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது, ஒருவர் நெருப்புப் பிடித்துவிட்டதென்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, அதை அந்தப் பெரியவரின் தலையிலேயே ஊற்றிவிட்டார். மார்கழித் தண்ணீர்! அப்போது பக்கத்துக் காம்பராப் பிள்ளை, எட்டு வயது இருக்கும், ஊதுகுழலை எடுத்துக்கொண்டு வந்து, மிலாற்றை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, “தாத்தா, ஈர வெறக அடியில வச்சா எப்படிப் பத்தும்?” என்று கேட்டது. காய்ந்த சுள்ளி நாலு, நடுவில் கொஞ்சம் வழி விட்டு, மூன்று ஊதல். எரிந்தது.

நனைந்த மனுசன் அந்த அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து வெகுநேரம் குளிர் காய்ந்தார். அடுத்த நாள் காலையில் அவர் காம்பராவில் முதல் சத்தம் அவருடைய இருமல்தான் என்று எங்கள் அம்மா சொல்லும். அவரே எழும்பி மூட்டியிருக்கிறார். மலைக்குப் போவதையும் விடவில்லை, இதையும் விடவில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய விரதம். மலையில் ஏறும்போது பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அடுப்படியில் யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் போகிற இடமெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். திருவெம்பாவைப் பத்து நாளும் வீட்டு அடுப்பை ஆண்கள் மூட்டட்டும். மச்சைத் துளைக்கிற பனி ஆம்பிளையின் முதுகையும் கொஞ்சம் துளைத்துப் பார்க்கட்டுமே! குருக்கள் ஐயா சிரிக்கிறார், சாஸ்திரத்தில் தடை இல்லை என்றுதான் அர்த்தம். பின்வரிசையில் ஒரு தம்பி, நீங்கள் மூட்டுகிறீர்களா என்று கேட்கிறார். என் மனைவி முன்வரிசையில்தான் இருக்கிறார், போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். காஸ் அடுப்பு வீட்டுக்காரர்களும் தப்ப முடியாது, நாலு மணிக்கு எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், நேரம் முடிந்ததாம். பொறுமையைப் பற்றிப் பேசப் பொறுமை இல்லை போலிருக்கிறது, அது அடுத்த வருடம். உண்டியலுக்குப் பக்கத்தில் ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன், மூட்டச் சம்மதிக்கிற ஆண்கள் பேரும் லய இலக்கமும் எழுதுங்கள். மனைவிமார் கணவனுடைய பேரை எழுதக் கூடாது, போன தோட்டத்தில் அப்படித்தான் கொப்பி நிறைந்தது. பொங்கல் ஆறுவதற்குள் வரிசைக்கு வாருங்கள், சின்னப் பிள்ளைகள் முதலில். வணக்கம்.